பச்சைக்காய் ஆகாத மாதம்

சாலடை வதக்கிச் சாப்பிடும் ஒருத்தியை நான் முதன்முதலில் பார்த்தது ஜெர்சி சிட்டியில்தான். ஜர்னல் ஸ்கொயர் ரயில் நிலையத்துக்கு நாலு தெரு தள்ளி, பழைய செங்கல் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீட்டை நானும் அவளும் பகிர்ந்துகொண்டிருந்தோம். அவள் சீனப் பெண், என்னைவிட மூன்று வயது மூத்தவள். ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை. அவள் கணவன் டெக்சாஸில், ஆஸ்டினில் இருந்தான். இருவருக்கும் ஒரே ஊரில் வேலை அமையும்வரை இப்படித்தான் என்று முடிவு செய்திருந்தார்கள். நான் நியூபோர்ட்டில் ஒரு வங்கிக்கு கான்ட்ராக்டில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் ஆபீஸ் கூட்டத்தில் மிஞ்சிய சாலடைப் பெரிய பெட்டி நிறையக் கொண்டுவந்தாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். அவள் பெட்டியைக் குழாயடியில் கவிழ்த்தாள். மேலே ஊற்றியிருந்த எண்ணெயும் வினிகரும் போகும்வரை இலைகளை அலசினாள். இருப்புச்சட்டியைப் புகைய வைத்து, பூண்டைத் தட்டிப் போட்டு, லெட்டூஸ், கேரட், சிவப்பு முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் ஒரே அள்ளாக அள்ளிப் போட்டாள். ஒரு நிமிடம் ஆகியிருக்காது. பெட்டி நிறைய இருந்தது ஒரு கிண்ணத்தில் அடங்கிவிட்டது.

“என்ன பண்றே? அது ஏற்கெனவே ரெடியா இருக்கறது,” என்றேன்.

“யாரு சொன்னா? பாதியில விட்டுட்டுப் போயிட்டாங்க. நான் முடிச்சு வைக்கிறேன்.”

எங்களுக்குள் பொதுவாக இருந்தது ஆங்கிலம். ஆனால் அவள் பேசியதெல்லாம் எனக்குத் தமிழில்தான் நினைவில் இருக்கிறது. அப்படியேதான் எழுத வருகிறது.

வெள்ளரிக்காயை மட்டும் பச்சையாகத் தின்பாள். அதையும் சும்மா விடமாட்டாள். கத்தியின் பக்கவாட்டால் ஓங்கி ஓர் அடி அடித்துச் சிதைத்து, உப்பும் பூண்டும் வினிகரும் சேர்த்துப் பிசறிவிட்டுத்தான் தொடுவாள். அதுவும் கோடைக்காலத்தில் மட்டும். மற்றபடி பச்சை இலை என்பது அவளுக்கு வயிற்றைக் குளிரவைக்கும் சமாசாரம். அவள் பாட்டி காலத்தில் வயலுக்கு மனித மலம்தான் எரு, அதனால் கொதிக்காத எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது ஊர்ச் சட்டமாகவே இருந்தது என்று ஒருமுறை சொன்னாள். எரு மாறிவிட்டது, சட்டம் இருந்துவிட்டது. தண்ணீரைக்கூட அவள் கொதிக்கவைத்துத்தான் குடிப்பாள்.

“நீ ஒரு சயின்டிஸ்ட்,” என்று நான் குத்திக்காட்டுவேன்.

“அதனாலதான். எந்த இலையில எந்தக் கிருமி வளருதுன்னு நான் லேப் தட்டுல வளர்த்தே பாக்கிறவ. நீ பாக்காம திங்கறே.”

எனக்கு எரிச்சலாக இருக்கும். ஏன் என்று இப்போது தெரிகிறது. அவள் வீட்டில் அவள் மூன்றாம் தலைமுறைப் படிப்பாளி, தாத்தாவே பள்ளி ஆசிரியர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒட்டன்சத்திரம் பக்கத்துத் தோட்டங்களில் கூலி வேலை. கைநாட்டு. நான் படித்து, விமானம் ஏறி, கோட்டு போட்டவர்களோடு உட்கார்ந்து முள்கரண்டியால் பச்சை இலையைத் தின்னக் கற்றுக்கொண்டேன். அது சும்மா வந்துவிடவில்லை. முதல் வருடம் ஒவ்வொரு வாயும் தொண்டையில் நின்று குமட்டியது. எங்கள் வீட்டிலும் கீரையைக் கடையாமல் யாரும் தின்றதில்லை. ஆனாலும் பழகினேன். இரண்டாம் வருடம் யாராவது பார்க்கும்போது சாலட் தின்பதில் ஒரு நிமிர்வே வந்துவிட்டது.

ஆபீஸில் சென்னைக்காரர் ஒருவர் இருந்தார், என் டீம் லீட். என் டப்பாவைத் திறந்தாலே ஆரம்பித்துவிடுவார்.

“என்னம்மா, இன்னிக்கும் தழையா? ஆட்டுக்குப் போடறத போய் க்யூல நின்னு வாங்கறியே.”

“ஹெல்தி சார்.”

“ஹெல்தியா! எங்க வீட்டம்மாவும் அதான் சொல்றா. நான் ராத்திரி வந்து மே மேன்னு கத்தப்போறேன் பாரு.”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் சாம்பார் சாதத்தை மைக்ரோவேவில் சூடாக்கி, ஆபீஸ் முழுக்க மணக்கவிட்டு உட்கார்ந்திருக்கும் அவரைவிட நான் ஒரு படி மேலே என்று உள்ளுக்குள் ஓர் எண்ணம் ஓடும். ஆய்வகத்தில் டாக்டர் பட்டத்தோடு வேலை செய்தும் லெட்டூஸைக் கண்டு பயப்படுகிற என் அறைத்தோழியைவிடவும்கூட.

இரண்டாம் வருடம் அவள் கர்ப்பமானாள். அவளுடைய இன்ஷூரன்ஸ் நியூஜெர்சியில் இருந்ததால் பிரசவம் இங்கேதான். அதற்கப்புறம் ஆஸ்டினுக்குப் போய்விடுவதாக ஏற்பாடு. பிரசவம் ஆனதும் ஒரு மாதம் ‘உட்கார’ வேண்டும் என்றாள். அவர்கள் வழக்கம் அது. பிள்ளை பெற்றவள் முப்பது நாள் வெளியே போகக் கூடாது. குளிர்ந்த தண்ணீர் படக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது, காற்றுப் படும்படி ஜன்னலருகே நிற்கக் கூடாது. பச்சைக்காய், பச்சை இலை, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தது எதுவும் ஆகாது. எல்லாம் சூடாக, எல்லாம் வெந்ததாக, யாராவது சமைத்துக் கையில் கொடுக்க வேண்டும். அவளுக்கு அவள் அம்மா வந்து கொடுப்பதாக இருந்தது.

அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. இரண்டாம் முறையும் மறுத்துவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று அவள் சமையலறை மேஜையில் கையை ஊன்றி நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

“என் வீட்டுக்காரருக்கு லீவு ஒரு வாரம்தான் குடுப்பாங்க,” என்றாள். “மீதி நாள்...” பிறகு என்னைப் பார்த்தாள். “நீ பாத்துக்குவியா? உனக்கு இதெல்லாம் முட்டாள்தனமாத் தெரியும். இருந்தாலும் கேக்கறேன்.”

“நான் பாத்துக்கறேன். முப்பது நாளும். எங்க ஊர்லயும் பிள்ளை பெத்தவளுக்குப் பத்தியம் உண்டு, எனக்குத் தெரியாததா?”

அவள் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு அப்படிக் கட்டிக்கொள்ளும் பழக்கம் கிடையாது.

ஏழாம் மாதம் ஒரு சனிக்கிழமை காலை என் அறைக் கதவைத் தட்டினாள். நேற்றிலிருந்து அசைவு இல்லை என்றாள். டாக்ஸி பிடித்துப் போனோம். ஸ்கேன் எடுத்த பெண் திரையைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, டாக்டரைக் கூப்பிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அப்போதே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

இறந்த குழந்தையையும் பெற்றுத்தான் ஆக வேண்டும். அது எனக்கு அன்றுவரை தெரியாது. மறுநாள் விடியும் நேரத்தில் பெற்றாள். பெண். முந்தைய நாள் மாலை விமானத்திலேயே கணவன் வந்துவிட்டிருந்தான். ஆஸ்பத்திரியில் பிரசவம் முடிந்ததும் பெரிய பிளாஸ்டிக் குவளையில் ஐஸ் போட்ட தண்ணீரும், ஒரு தட்டில் சாலடும் சாண்ட்விச்சும் கொண்டுவந்து வைத்தார்கள். அவன் ஐஸ் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீரை ஊற்றிக் கொடுத்தான். நான் அதைக் கவனித்தேன். ஆனால் அதற்கு அர்த்தம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளவில்லை. துக்கத்தில் இருப்பவன் கைக்கு ஏதாவது வேலை தேடுகிறான் என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு, பிரசவமான ஐந்தாம் நாள்வரை அவன்தான் சமைத்தான். கோழி ரசம் போல ஒன்று, இஞ்சி நிறையப் போட்டு. தினைக் கஞ்சி. செம்பேரீச்சை மாதிரி ஒரு பழத்தை வேகவைத்த தண்ணீர். ஆறாம் நாள் காலை அவனுக்கு விமானம். விசா வேலையோடு கட்டிப்போடப்பட்டது, அதற்கு மேல் லீவு கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை. வாசலில் பெட்டியோடு நின்று, “அவளைப் பாத்துக்கோ,” என்று மட்டும் சொன்னான். நான் தலையாட்டினேன்.

நான் தலையாட்டியபோது, அந்த மாதத்தைப் பற்றித்தான் சொல்கிறான் என்று என் மண்டையில் ஏறவே இல்லை. நான் சத்தியம் செய்து கொடுத்த மாதம் அந்தக் குழந்தையோடு போய்விட்டது என்றே நினைத்திருந்தேன். எங்கள் ஊரில் பத்தியம் என்பது பாலுக்காக. தாய் தின்பது பாலில் இறங்கும், பிள்ளைக்கு ஆகாது, பிள்ளைக்குச் சளி பிடிக்கும், பிள்ளைக்கு மாந்தம் வரும். எல்லாமே பிள்ளை பெயரில்தான் சொல்வார்கள். பிள்ளை இல்லாவிட்டால் பத்தியமும் இல்லை. நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அம்மாவுக்கு ஒரு பையன் பிறந்து, ஒரு நாள்கூடத் தங்காமல் போனான். அம்மா உடனே வேலைக்குப் போனதும், நான் பள்ளிக்கூடம் போனதும்தான் எனக்கு நினைவு இருக்கிறது. யாரும் யாருக்கும் எதுவும் சமைத்துக் கொடுக்கவில்லை. அது அப்படித்தான் என்று நானும் வளர்ந்துவிட்டேன்.

அன்று ஆபீஸ் முடிந்து நியூபோர்ட்டில் நல்ல கடை ஒன்றில் நின்றேன். அவளுக்கு ஏதாவது நல்லதாக வாங்க வேண்டும் என்று மனது அடித்துக்கொண்டது. ஐந்து நாளாகக் கஞ்சியும் ரசமும் குடித்து வாய் செத்துப்போயிருக்கும் என்று நினைத்தேன். இருப்பதிலேயே பெரிய சாலட் பெட்டியாக வாங்கினேன். இளம் கீரை, வெள்ளரி, முளைகட்டிய பயறு, மாதுளை முத்து எல்லாம் போட்டது. கண்ணுக்கு அழகாக இருந்தது. கூடவே குளிர்ந்த ஆரஞ்சுச் சாறு.

அவள் படுக்கையில் கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு, தலையில் குல்லாவோடு உட்கார்ந்திருந்தாள். மடியில் வைத்தேன். பெட்டி குளிர்ந்திருந்ததால் போர்வையில் ஈரம் படிந்தது.

“இது எனக்கா?”

“உனக்குத்தான். உடம்புக்கு நல்லது. சத்து வேணும்ல.”

அவள் பெட்டியைத் தொடவில்லை. “மாசம் முடியலையே,” என்றாள்.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவைப்பவள் போல, மெதுவாக, இரக்கத்தோடுதான் சொன்னேன்: “குழந்தைதான் இல்லையே. அப்புறம் யாருக்காகப் பத்தியம் இருக்கணும்?”

அவள் போர்வையை இறக்கி, சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டைக் கழற்றினாள். உள்ளே முட்டைக்கோஸ் இலைகள். மார்பைச் சுற்றி வாடிப் பழுப்பேறி ஒட்டிக்கிடந்தன. பால் கட்டிக்கொண்டு வலிப்பதற்கு நர்ஸ் சொல்லி அனுப்பிய வைத்தியம் அது. ஃபிரிட்ஜில் குளிரவைத்த இலையாக வைக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் வெந்நீரில் போட்டு எடுத்து ஆறவைத்து வைத்திருந்தாள். சட்டை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது.

“குழந்தை இல்லன்னு இதுக்கு யாரு சொல்றது?” என்றாள். “உடம்புக்குத் தெரியாது. அது பெத்திருக்கு. மாசம் எனக்குத்தான். குழந்தைக்கு இல்ல.”

பெட்டியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். மாதுளை முத்துகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, இலைகளை அலசி, சட்டியைப் புகையவைத்து, பூண்டும் இஞ்சியும் தட்டிப் போட்டு வதக்கினேன். கிண்ணம் பாதிகூட நிரம்பவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டாள். “உப்பு ஜாஸ்தி,” என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் ‘ஸாரி’ என்ற சொல், இந்த ஊரில் ரயிலில் தோள் இடித்தால் சொல்கிற சொல். அதைத்தான் சொன்னேன். வேறு சொல் எனக்கு வாயில் வரவில்லை.

மறுநாளிலிருந்து நான் ஒழுங்காகச் செய்தேன். காலையில் ஐந்தரைக்கு எழுந்து கஞ்சி வைப்பேன். மதியத்துக்கு இரண்டு ஃபிளாஸ்கில் ஊற்றிவைத்துவிட்டு ஆபீஸ் போவேன். அவர்கள் போடும் கறுப்புச் சர்க்கரைக்குப் பதிலாக இந்தியக் கடையிலிருந்து கருப்பட்டி வாங்கி இஞ்சித் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். அது அவளுக்குப் பிடித்துவிட்டது.

“உன் கஞ்சிதான் சரியில்ல. சுவத்துல போஸ்டர் ஒட்டலாம்.”

“குடிக்கிறியா, ஒட்டறியா?”

“முதல்ல குடிக்கிறேன். மிச்சத்தை ஒட்டிக்கலாம்.”

அவள் சிரித்ததைப் பார்த்து, சரியாகிவிட்டது என்று நினைத்தேன். தினமும் காலையில் அவள் அம்மா வீடியோவில் வருவார். அங்கே அது இரவு. கால் மூடியிருக்கிறதா, வெந்நீர் குடித்தாயா, தலையில் தண்ணீர் பட்டதா என்று கேட்பார் என அவள் மொழிபெயர்ப்பாள். அழமாட்டார். பேத்தியைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். என்ன சாப்பிட்டாள் என்பதை மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்பார். ஒருநாள் என்னைத் திரைக்கு முன்னால் கூப்பிட்டு, மூச்சு விடாமல் நீளமாக ஏதோ சொன்னார்.

“என்ன சொல்றாங்க?”

“நான் வர முடியாத இடத்துல நீ இருக்கே. அவளை உன் கையில குடுத்திருக்கேன். அப்படிங்கறாங்க.”

நான் கும்பிட்டேன். அந்த அம்மாவும் எப்படியோ கையைக் கூப்பிக் கும்பிட்டார்.

பத்தொன்பதாம் நாள் வியாழக்கிழமை. ஆபீஸில் மதியமே கிளம்பச் சொல்லிவிட்டார்கள். கதவைத் திறந்ததும் வீடு குளிர்ந்து கிடந்தது. சமையலறை ஜன்னல் முழுக்கத் திறந்திருந்தது. மார்ச் மாதக் காற்று நேராக உள்ளே வந்துகொண்டிருந்தது. அவள் வெறுங்காலோடு ஃபிரிட்ஜின் முன்னால் நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டி முதுகு நனைந்திருந்தது. ஒரு கையில் நறுக்காத வெள்ளரிக்காய், பாதி கடித்தது. மேஜைமேல், நான் ஆபீஸுக்கு எடுத்துப்போக வாங்கிவைத்திருந்த கீரைப் பொட்டலம் கிழிந்து கிடந்தது. கீரையைக் கைப்பிடியாக அள்ளி வாயில் திணித்து மென்றுகொண்டிருந்தாள்.

“என்ன பண்றே?” கத்தியே விட்டேன்.

“சாப்பிடறேன். உன்னோடதுதான். திருப்பி வாங்கி வச்சிடறேன்.”

நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன். “இன்னும் பதினோரு நாள் இருக்கு!”

“யாருக்கு?”

அவள் மென்று விழுங்கினாள்.

“நீ சொன்னது சரிதான். ஆறாம் நாளே சொல்லிட்டே. எனக்குத்தான் புரிய இத்தனை நாளாச்சு.”

“இல்ல. அது தப்பு. நான் தெரியாம சொன்னது. மாசம் உனக்குத்தான்னு நீதானே சொன்னே? உடம்புக்குத் தெரியாதுன்னு நீதானே—”

“இப்ப தெரிஞ்சுபோச்சு.” சட்டையை நெஞ்சோடு இறுக்கிக் காட்டினாள். காய்ந்திருந்தது. “காலையில பாத்தேன். ஒரு சொட்டுகூட இல்ல. அதுக்கும் யாரோ சொல்லிட்டாங்க.”

துண்டை எடுத்துவந்து அவள் தலையைத் துவட்டப் போனேன். விலகிக்கொண்டாள். தள்ளிவிடவில்லை, விலகினாள். ஃபிளாஸ்கில் நான் காலையில் ஊற்றிவைத்த கஞ்சி அப்படியே இருந்தது. சூடு பண்ணித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். மேஜை முன்னால் உட்கார்ந்து மிச்சக் கீரையையும் ஒவ்வொரு இலையாக, மருந்து தின்பது போல, தின்று முடித்தாள்.

“நல்லாவே இல்ல,” என்றாள். “இத எப்படித் தினம் திங்கறே?”

“பழகிக்கிட்டேன்.”

“கஷ்டமா இருந்துச்சா?”

“முதல் வருஷம் ரொம்ப.”

இரண்டு வருடத்தில் நான் யாரிடமும் ஒப்புக்கொள்ளாததை அவளிடம் ஒப்புக்கொண்டேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அது அவளுக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை வழக்கம் போல அவள் அம்மா வீடியோவில் வந்தார். அவள் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கழுத்துவரை போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா கேட்கக் கேட்கப் பதில் சொன்னாள். கஞ்சி என்ற சொல்லும் வெந்நீர் என்ற சொல்லும் எனக்கு இதற்குள் காதில் பழகியிருந்தன. இரண்டையும் சொன்னாள். பிறகு அந்த அம்மா என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். அவள் மொழிபெயர்க்கவில்லை. என்ன கேட்டார் என்று புரிந்துகொண்டு நான் தலையாட்டினேன். ஆமாம், சாப்பிட்டாள் என்று.

சனிக்கிழமை அவள் ஆஸ்டினுக்கு விமானம் ஏறினாள். வேலையைப் போனிலேயே விட்டுவிட்டாள். அறையில் சாமான் அதிகம் இல்லை. நெவார்க் விமான நிலையம்வரை கூடப் போனேன். வழியில் காரில் நிறையப் பேசினோம், எல்லாம் அட்ரஸ் மாற்றுவதைப் பற்றியும் கட்டிலை என்ன செய்வது என்பதைப் பற்றியும். இறங்கும்போது என் தோளைத் தொட்டு, “நீ ரொம்பப் பண்ணிட்டே. தேங்க்ஸ்,” என்றாள். அதில் கோபம் இருந்திருந்தால் நான் பிடித்துக்கொண்டிருப்பேன். கோபமே இல்லை. ஹோட்டலில் அறையைக் காலி செய்துவிட்டுப் போகிறவர்கள் சொல்வது போல இருந்தது. அதற்கப்புறம் புத்தாண்டுக்கு ஒரு வாழ்த்து அனுப்பினாள், நான் ஒன்று அனுப்பினேன். அவ்வளவுதான்.

அவள் கிளம்பிப் போன அதே வாரம் ஊரில் இருக்கும் என் அம்மாவிடம் போனில் பேசினேன். வழக்கமாக நான் எனக்கு என்ன கிடைத்தது, எங்கே போனேன் என்று சொல்வேன், அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள். அன்று அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். பிள்ளை தங்காததைச் சொன்னேன், அவர்கள் ஊரில் பிள்ளை தங்காவிட்டாலும் முப்பது நாள் உட்காருவார்களாம் என்றும் சொன்னேன். சொல்லிவிட்டு, இத்தனை வருடத்தில் கேட்காததைக் கேட்டேன்.

“அம்மா, அந்தத் தம்பி பொறந்து போனப்ப நீ எத்தன நாள் வீட்ல இருந்த?”

லைனில் எங்கோ ஒரு மோட்டார் ஓடுவது கேட்டது.

“அது எதுக்குத் தாயி இப்ப?”

“சும்மாதான் கேக்குறேன்.”

“எங்கிட்டு இருக்குறது? மூணாம் நாளு களையெடுக்கப் போயிட்டேன். பாலு கட்டிக்கிட்டு நெஞ்சு கல்லாட்டம் கெடந்துச்சு. பக்கத்து வீட்டு அக்காதான் மல்லியப்பூவ உள்ள வச்சுக் கட்டிவுட்டா, பாலு வத்திரும்னு. கூட வேல பாத்தவளுக எல்லாம், என்னடி இன்னைக்குப் பூவும் வாசமுமா வந்திருக்கன்னு கேட்டாளுக. என்னத்தச் சொல்ல?”

“சாப்பாடு?”

“அன்னைக்கு யாரு அடுப்பு மூட்டுனா? வெண்டக்காட்டுலதான நின்னேன். பிஞ்சா நாலு ஒடிச்சுத் தின்னேன். கொழகொழன்னு இருந்துச்சு. பசிக்குத் தெரியல.” அம்மா லேசாகச் சிரித்தாள். “நீ அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல படம் வரஞ்சு கொண்டாந்து காட்டுன. அது ஞாபகம் இருக்கு.”

எனக்கு அந்தப் படம் ஞாபகம் இல்லை. என்ன வரைந்தேன் என்றும் கேட்கவில்லை.

“ஏந்தாயி, அந்தப் புள்ளைக்கு யாரு ஆக்கிப் போட்டது?”

“மொதல்ல அவ வீட்டுக்காரரு. அப்புறம் நான்தான்.”

“நீயா? வேலைக்கும் போயிக்கிட்டா?”

“ம்.”

“எத்தன நாளு உக்காந்தா?”

“பத்தொம்பது நாள்.”

“பத்தொம்பது நாளா!” அம்மாவின் குரல் ஏறியது. பொறாமை ஒரு துளிகூட இல்லை, வியப்புதான். “பெத்த தாயி இல்லாத ஊர்ல, பத்தொம்பது நாளு ஒருத்தி சுடச்சுட ஆக்கிக் கையில குடுத்திருக்கா. குடுத்து வச்சவ அவ. நல்ல காரியம் பண்ணுன தாயி. இந்தா, உங்கப்பன்கிட்டயும் சொல்றேன் இரு.”

போனைக் கையால் பொத்திக்கொண்டு அம்மா அப்பாவைக் கூப்பிடுவதும், என் மகள் அங்கே என்ன செய்திருக்கிறாள் தெரியுமா என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்வதும் கேட்டது. மீதிப் பதினோரு நாள் ஏன் இல்லாமல் போனது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போது நான் ஒருநாளும் குறுக்கிட்டதில்லை. அன்றும் அவள் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.